கடலுக்குப் போன ரப்பர் தவளை

எங்கள் மாமாவின் கலியாணத்தை ஒரு ரப்பர் தவளையை வைத்து முடித்துக் கொடுத்தவன் நான்தான் என்று பதினைந்து வருடமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் பிந்தாமல் போனது மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். ஆகவே பெருமை பேசுவதற்கு என்னிடம் வேறு சாதனை எதுவும் இருக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. வெள்ளைக்காரர் தேசத்தில், கோலியர்ஸ் வுட் என்ற இடத்தில் இரண்டு அறை வீடு. ஒன்றில் அம்மாவும் அப்பாவும். மற்றதில் நானும் அம்மாவின் தம்பியான மாமாவும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு என்னுடையது. பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து மாமா கீழே படுத்தால், அவருடைய குறட்டைக்கு மேல்தட்டு வள்ளம்போல ஆடும். முப்பத்துநாலு வயதாகியும் அவருக்கு ஒன்றும் சரிவராததற்கு நேரம் கூடிவராததுதான் காரணம் என்று அம்மா சொல்வார். குறட்டைதான் காரணம் என்பது என் கட்சி.

கடைசியில் ஒரு சம்பந்தம் வந்தது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற ஒருவர் கொண்டுவந்தார். பெண் லூயிஷாமில் தன் அக்கா வீட்டில் இருந்தார். பூசை முடிந்து தேநீர் கொடுக்கும் இடத்தில் மாமா அவரை இரண்டு தரம் பார்த்திருக்கிறார். இரண்டாம் தரம் தேநீருக்கு ஆறு கரண்டி சீனி போட்டுக் குடித்துவிட்டு, சுவை தெரியாமல் நின்றார். அவ்வளவு பிடித்துப் போயிற்று. ஆனால் ஓம் என்று சொல்லவேண்டியவர் மன்னாரில் இருந்த பெண்ணின் தகப்பன். அவர் ஒரு சம்மாட்டியார். வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அந்தக் குடும்பத்தை அலசி முடித்தார்.

“ரெண்டும் பெட்டையளாம். ஆம்பிளைப் பிள்ளை இல்லையாம். வள்ளத்தை ஆரிட்டக் குடுக்கிறதெண்டு அந்த மனுசன் யோசிக்காதே? கடல் தெரிஞ்ச மருமோனெண்டால்தான் தம்பி அவருக்கு மனம் நிறையும்.”

யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்த மாமாவுக்குக் கடலோடு இருந்த உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. சின்ன வயதில் ஒருமுறை தீவுக்குப் படகில் போய், போகும்போது வயிற்றைப் பிரட்டி எடுத்த சத்தி திரும்பி வரும்வரை நிற்கவில்லையாம். அப்படிப்பட்டவர் அன்றைக்கு இரவு சம்மாட்டியாருடன் தொலைபேசியில் பேசும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

“ஓம் ஐயா, இங்க ஒவ்வொரு ஞாயிறும் கடலுக்குத்தான். பூசை முடிஞ்ச கையோட தூண்டிலை எடுத்துக்கொண்டு போயிடுவன்.”

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. மாமா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “மனுசன் அப்பிடியே ஆடிப்போனார்!”

பொய்க்குச் சாட்சி வேண்டுமே. டூட்டிங்கில் ஒரு மீன்கடையில் முழு பாஸ் மீன் ஒன்று வாங்கினோம். நம்முடைய கொடுவாவின் குளிர்தேசத்துச் சொந்தக்காரன் மாதிரி, வெள்ளி நிறத்தில் லட்சணமான மீன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் மாமா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, மறுகரை தெரியாமல் நான் படம் எடுத்தேன். விலைத்துண்டு வாலில் ஒட்டியிருந்ததைக் கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்துக் கிழித்தவனும் நான்தான். படத்தைப் பார்த்த சம்மாட்டியார் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“மீன்ர கண் ஏன் தம்பி உள்ளுக்க போய்க் கிடக்கு?”

“குளிர்த் தண்ணி மீன் ஐயா. இஞ்ச எல்லாத்துக்கும் அப்பிடித்தான்.”

இரண்டு மாதத்தில் அவர் விசிட் விசாவில் வந்து லூயிஷாமில் இறங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் நண்டுக்கறியைச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுச் சொன்னார்: “தம்பி கடலுக்குப் போறதை நான் ஒருக்காப் பாக்கவேணும். பிறகு முடிவைச் சொல்லுறன்.”

மாமாவின் முகம் படத்தில் இருந்த மீனின் முகம்போல ஆனது.

அடுத்த நாளே தூண்டில் சாமான் விற்கும் கடைக்கு ஓடினோம். மாமாவின் ஆங்கிலம் பெட்ரோல் ஷெட் கவுண்டரைத் தாண்டாது. எத்தனையாம் நம்பர் பம்ப், ரசீது வேணுமா, அவ்வளவுதான். அதனால் மொழிபெயர்ப்பு என் வேலை. கடைக்காரர் தாடி வைத்த பொறுமையான வெள்ளைக்காரர். நாங்கள் ரயிலில் போகப்போகிறோம் என்றதும் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. பயணம் போகிறவன் கடையையே தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்றார். நாலு துண்டாகக் கழன்று முதுகுப்பைக்குள் போகிற தடி ஒன்று, ரீல் ஒன்று, கையடக்கப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்குள் ஐந்தாறு லூர் போதும். லூர் என்றால் உயிருள்ள இரைக்குப் பதிலாக மீனை ஏமாற்றுகிற பொம்மை. காற்று அடித்தால் தூரம் போக ஒரு கனமான இரும்பு, கரையோரம் நீந்த மெல்லிய மீன்குஞ்சு மாதிரி இரண்டு, பாசியில் சிக்காமல் இழுக்க மண்ணிறத்தில் நீள ரப்பர் ஒன்று, இப்படி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எல்லாம் வெந்து போன அவரைக்காய் மாதிரி இருந்தன. என் கண் சுவரில் தொங்கிய ஒரு ரப்பர் தவளையில் இருந்தது. பச்சை முதுகு, ரோஸ் வயிறு, பின்னால் ஆடுகிற இரண்டு கால், தங்க நிறத்தில் முழி. கடைக்காரர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது வெப்பமான நாடுகளின் குளத்து மீனுக்கு, கடலுக்குச் சரிவராது என்று தெளிவாகச் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் மாமா.

“கடலுக்கு இதுதான் திறமாம் மாமா. இதைக் கண்டால் மீன் விடாதாம்.”

மண்ணிற ரப்பர் மேசையிலேயே கிடந்தது. தவளை வந்தது. தவளைக்குத் துணையாக மினுங்கிக்கொண்டிருந்த நாலு சாமானும் வந்தன. எங்கள் பெட்டியைத் திறந்தால் சாமத்தியச் சடங்கு வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மூவரும் ரயில் ஏறினோம். தெற்குக் கரையில் கூழாங்கல் கடற்கரை. காற்று காதைப் பிய்த்தது. சம்மாட்டியார் மூத்த மருமகனிடம் இரவல் வாங்கிய பெரிய கோட்டுக்குள் சின்னதாக நின்று, நீண்ட நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கல்லில் குந்திக்கொண்டு, “பெட்டியைக் காட்டும் தம்பி” என்றார்.

திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றைக்கூட யாரும் கட்டிப் பார்த்ததில்லை. கொக்கி முனைகளின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று இளகிக்கொண்டே வந்தது. என்னுடைய தெரிவு அவரைக் கவர்ந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. கடைசியில் தவளையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“இது என்ன?”

“தவளை தாத்தா. நான் எடுத்தது.”

“கடலுக்கோ?”

“ஓம். மீன் விடாது.”

அவர் வாயைக் கோட்டுக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. “சரி. தம்பி, எறியும் பாப்பம்.”

மாமா தடியைப் பொருத்தினார். நாலு துண்டையும் இறுக்கித் தள்ளவேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, தவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சிலுவை போட்டுக்கொண்டு, உடம்பை முறுக்கி, வீசினார். தவளை பறந்தது. தவளைக்குப் பின்னால் தடியின் மேல்பாதியும் பறந்தது. மாமா கையில் மிச்சப்பாதியோடு, அலை வருவதைக் கண்டு நாலடி பின்னால் ஓடி வந்து நின்றார். பிறகு ரீலைச் சுற்றினார். அவர் வாழ்க்கையில் கடலிலிருந்து பிடித்த முதலும் கடைசியுமான சாமான், தன்னுடைய தூண்டிலின் மறுபாதி.

சம்மாட்டியார் எழுந்து வந்தார். இப்போது சிரிக்கவில்லை.

“தம்பி, கோயிலில நிக்கிறமாதிரி நினைச்சு உண்மையைச் சொல்லும். நீர் கடலுக்குப் போறனீரோ?”

மாமா என்னைப் பார்த்தார். மாமாவைக் காப்பாற்றவேண்டிய நேரம் என்று எனக்கு விளங்கியது. ஆனால் வாயைத் திறந்தால் உண்மைதான் வந்தது.

“மாமாவுக்கு நீந்தவே தெரியாது தாத்தா. பஸ்ஸில போனாலே சத்தி எடுப்பார். அந்த மீன் டூட்டிங்கில வாங்கினது.”

“வாயை மூடடா!” என்ற மாமா, பிறகு தலையைக் குனிந்தார். “ஓம் ஐயா. எனக்குத் தண்ணியெண்டால் பயம். பிழைதான். உங்களுக்குக் கடல் தெரிஞ்ச பெடியன்தான் பிடிக்குமெண்டு...”

சம்மாட்டியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கவேண்டும், துடைத்துக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து லூயிஷாமுக்குப் பேசினார். காற்றில் பாதிதான் கேட்டது.

“பிள்ளை... பாத்திட்டன். இவருக்குக் கடல் சரிவராது. ஓம், ஓம், கிட்டவும் போகமாட்டார்.”

எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. சம்மாட்டியார் மட்டும், கலியாணம் குழம்பிய இடத்தில் நிற்கிறவர்போலவே இல்லாமல், எல்லோருக்கும் பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கித் தந்து, தான் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்தேன். திரும்பி வரும் ரயிலில் நான் வாய்விட்டு அழுதேன். அந்த மண்ணிற ரப்பரை எடுத்திருந்தால், ஒரு மீனாவது வந்திருக்கும். எனக்கு ஒரு மாமி வந்திருப்பார்.

இறங்குவதற்கு முன் சம்மாட்டியார் என் பக்கம் குனிந்தார்.

“அப்பன், அந்தத் தவளையை நான் கொண்டு போகட்டோ?”

மன்னார் முழுக்கக் காட்டிச் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் கொடுத்தேன். தோற்றவன் வேறு என்ன செய்வது?

அடுத்த நாள் ஞாயிறு பூசை முடிந்து சம்மாட்டியார் அம்மாவிடம் வந்து, நல்ல நாளாகப் பார்க்கச் சொன்னார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். மாமா தேநீருக்கு எத்தனை கரண்டி போட்டார் என்று நான் எண்ணவில்லை. எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது: தவளை. அவ்வளவு அழகான தவளையைத் தெரிவு செய்கிற குடும்பத்துக்கு யார்தான் பெண் கொடுக்கமாட்டார்கள்? கலியாணவீட்டில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். பிறகு வந்த பிறந்தநாட்களிலும் சொன்னேன். மாமியும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு கேட்பார்.

போன டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மாமா வீட்டில் இருந்தபோது மாமி தகப்பனுக்கு வீடியோ கோல் எடுத்தார். சம்மாட்டியாருக்கு இப்போது நன்றாக வயதாகிவிட்டது. தொலைபேசியை நேரே பிடிக்க ஏலாது. படம் சரிந்து சரிந்து, அவருடைய முகத்தை விட்டு, மாதா சொரூபம் வைத்திருந்த சுவர்த்தட்டுக்குப் போய் நின்றது. அங்கே ஒரு இளம் பெடியனின் படம். மாலை போட்டிருந்தது. மாலைக்குக் கீழே, நிறம் வெளுத்துப்போய், என் தவளை.

“அது ஆர் மாமி?” என்றேன்.

“அண்ணை.” மாமி குரலைத் தாழ்த்தினார். “நான் இங்க வர முதல் ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்ச கையோட கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும்தான் வந்தது. அதுக்குப் பிறகு அப்பா ஆரிட்டையும் தனக்குப் பெடியன் இருந்ததெண்டு சொல்லுறேல்லை.”

பக்கத்து சோபாவில் மாமா ஷிப்ட் முடிந்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மாமி எழுந்துபோய் அவருடைய காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டு வந்தார்.

நான் திரையைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். தவளையின் வயிற்றுக்குக் கீழே இருந்த இரண்டு கொக்கிகளையும் யாரோ குறட்டால் அடியோடு வெட்டி எடுத்திருந்தார்கள்.