அமாவாசையன்று மூலனூர்ப் பக்கம், ஒரு டப்பா தயிர்சோற்றோடு

சிட்டு, உன் மஞ்சள் டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு போன அமாவாசைக்கு மூலனூர்ப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். உனக்காகப் போன பயணம். அதனால உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மத்தவங்களுக்கு எழுதுறேன்.

படிக்கிறவங்களுக்குச் சொல்லிடுறேன். சிட்டு என் மகள். அஞ்சரை வயசு. போன வருஷம் ஆடியில காய்ச்சல் வந்து நாலே நாள்ல போயிட்டா. நாங்க விருதுநகர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ராயபுரத்துல வாடகைக்கு இருக்கோம். நான் பனியன் கம்பெனியில செக்கிங், சிட்டுவோட அப்பா அயர்னிங். படிப்பு எட்டாங்கிளாஸ்தான். ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வர்ற கோயில்களைப் பத்தி இங்க எழுதிட்டு இருந்தேன், அவ போனதுக்கப்புறம் எழுதலை.

இந்தப் பயணம் ஒரு சொற்பொழிவுல ஆரம்பிச்சது. செக்கிங் டேபிள்ல நிக்கும்போது ஒரு காதுல ஏதாவது கேட்டுக்கிட்டே துணி பார்ப்பேன். ஒரு பெரியவர் சந்திரனைப் பத்திப் பேசினார். சோமன்னா சந்திரன், தேவர்கள் குடிக்கிற அமுதமும் சோமம்தானாம். நிலாவுக்குப் பதினாறு கலை. தேய்பிறையில தேவர்கள் நாளுக்கு ஒரு கலையா குடிக்கிறாங்க, அதனாலதான் தேயுது. கடைசிக் கலை அமாவாசையன்னைக்கு இறந்துபோன முன்னோருக்கு. அன்னைக்கு நிலா தண்ணிக்குள்ளயும் செடிகொடிக்குள்ளயும் இறங்கி இருக்கும். அதை மாடு மேயுது, பாலாகுது, நெய்யாகுது, ஹோமத்துல விட்டா திரும்ப மேல போகுது. எனக்கு நிட்டிங் மெஷின்ல ஓடுற நூல் கோன் ஞாபகம் வந்துச்சு. பழைய கோன் தீர்றதுக்குள்ள அதோட வால்ல புதுக் கோன் நூலை முடிஞ்சு விட்ருவாங்க. துணி நிக்காம வந்துட்டே இருக்கும்.

ஆனா அந்தக் கடைசிக் கலைதான் மனசை விட்டுப் போகலை. அது இறந்தவங்களுக்குன்னா சிட்டுவுக்கும் ஒரு வாய் இருக்கணும் இல்லையா. எங்க மாமனார் அப்பவே சொல்லிட்டார், சின்னப் பிள்ளையைப் புதைக்கிறதோட சரி, திதியும் கிடையாது, படையலும் கிடையாதுன்னு. எனக்கு ஒப்பலை. தினமும் சாயங்காலம் அவ டப்பாவுல ஒரு பிடி சோறு போட்டு மாடிக் கைப்பிடிச் சுவர்ல வச்சிட்டு வருவேன். எறும்பு வந்துச்சு, அப்புறம் பெருச்சாளி வந்துச்சு. வீட்டுக்காரம்மா வந்து, "ஏனுங்க, எறும்பு கீழ் ஊடு வரைக்கும் வருதுங்க, கொஞ்சம் பாருங்க"ன்னு சொன்னாங்க. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவ்வளவு மரியாதையா சொன்னா என்ன செய்யிறது.

அவங்கப்பா ஒரு முடிவு சொன்னார். "விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை கேளு. வைக்கச் சொன்னா தினமும் நானே மாடிக்கு எடுத்துட்டுப் போறேன். வேண்டாம்னா விட்ரு." நானும் சரின்னுட்டேன். சந்திரனுக்குத் தனிச் சன்னதி உள்ள சின்ன சிவன் கோயில் மூலனூர் தாண்டி இருக்குன்னு கூட வேலை பார்க்கிற அக்கா சொன்னாங்க. அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில வந்துச்சு. கிளம்பிட்டேன்.

காலையில 6.20க்கு டவுன் பஸ்ல கோயில்வழி பஸ் ஸ்டாண்ட். பெண்களுக்குக் காசு வாங்குறதில்லை. அங்கிருந்து 7.05க்குத் தாராபுரம் பஸ், ஏறக்குறைய 48 கிலோமீட்டர், 40 ரூபாய், ஒன்றரை மணி நேரம். ஜன்னல் சீட் வேணும்னா பஸ் உள்ள வரும்போதே ஏறிடுங்க. தாராபுரத்துல டீ குடிக்க நேரம் இருந்துச்சு, நான் குடிக்கலை. 9.10க்கு மூலனூர் பஸ். வழி முழுக்க முருங்கைத் தோட்டம். பத்து மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து கோயிலுக்கு ஆறு கிலோமீட்டர், பஸ் கிடையாது. ஆட்டோ 150 கேட்டார், 120க்கு வந்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில என்னைப் பார்த்துட்டு, "அங்க பௌர்ணமிக்குத்தானுங்க கூட்டம். குழந்தைக்கு மொதல் சோறு ஊட்ட வருவாங்க. அமாவாசைக்குப் போனா பூட்டத்தான் கும்பிட்டுட்டு வரோணும்"னு சிரிச்சார். நான் மடியில இருந்த டப்பாவைப் பையால மூடிக்கிட்டேன்.

அவர் சொன்னபடியே பூட்டுதான். குருக்கள் அமாவாசையில தாராபுரம் ஆத்தங்கரைக்குத் தர்ப்பணம் பண்ணி வைக்கப் போயிருவாராம், மதியம்தான் வருவாராம். இதைக் கோயிலை ஒட்டின முருங்கைத் தோட்டத்து அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னாங்க. அறுபது வயசு இருக்கும். கோயில் வாசல் கூட்டுறதும் அவங்கதான். நிழலுக்கு உள்ள வரச் சொன்னாங்க. சிட்டுவைப் பத்திச் சொன்னேன்.

சிட்டு தின்ன ஒரே கீரை முருங்கைக்கீரை. அதனால ஒரு கொத்து பறிச்சுக்கட்டுமா, படையலுக்குன்னு கேட்டேன்.

"இன்னைக்குக் கை வைக்கறதில்லீங்க கண்ணு. நெலா இன்னைக்கு மேல இல்லீங்களே, செடிக்குள்ளதான் இருக்குது. ஒடிச்சா அதைய ஒடிச்ச மாதிரிங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் ஹெட்செட்ல கேட்டதை இவங்க ஒரு முருங்கை மரத்தைக் காட்டிச் சொல்றாங்க. சொற்பொழிவு ஏதாவது கேட்டீங்களான்னேன். அதெல்லாம் இல்லை, மாமியார் பறிக்க மாட்டாங்க, நானும் பறிக்கிறதில்லைன்னாங்க. மத்தவங்க பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புறாங்களேன்னேன். "அனுப்பட்டுமுங்க. ஒரு நாள் விட்டா காய் என்ன ஓடியா போயிரும்?"

குருக்கள் 12.10க்கு மொபெட்ல வந்தார். முகமெல்லாம் வேர்வை. சன்னதியைத் திறந்து விளக்கேத்தினார். சந்திரன் சிலை முழங்கை உயரம்தான், முகம் தேஞ்சு போயிருக்கு. நான் சுத்தி வளைக்காம கேட்டேன், அமாவாசைக் கலையில சின்னப் பிள்ளைக்குப் பங்கு உண்டான்னு. அவர் வயசு கேட்டார். சொன்னேன். விளக்குத் திரியைத் தூண்டி விட்டார்.

"இல்லீங்க அம்மா. அது பித்ருக்களுக்கு. குழந்தைங்க அந்தக் கணக்குல வர மாட்டாங்க."

"அப்ப அவளுக்குப் பசிச்சா?"

"அந்தப் பசி குழந்தைக்கு இல்லைன்னுதான் வைக்கச் சொல்லலை."

"யார் சாமி போய்ப் பார்த்தது?"

"யாரும் பார்க்கலீங்க. பெரியவங்க எழுதி வச்சிருக்காங்க. அதை நான் சொல்றேன், அவ்வளவுதான்."

பொய்யா ஒரு ஆறுதல் சொல்லியிருந்தா நான் கிளம்பி வந்திருப்பேன். அப்படிச் சொல்லாததால அங்கேயே உட்கார்ந்துட்டேன். சிட்டு சாப்பிடுற விதத்தை அவர்கிட்ட சொன்னேன். மாடியில நிலா காட்டி ஊட்டினா மத்த பிள்ளைங்க வாயைத் திறக்கும். இவ திறக்க மாட்டா. முதல் வாய் நிலாவுக்குக் கொடுக்கணும். அது சாப்பிட்டுருச்சுன்னு நான் சொன்னாத்தான் இவ சாப்பிடுவா.

குருக்கள் முதல் தடவையா சிரிச்சார். "உங்க பொண்ணு தலைகீழா புடிச்சிருக்குதுங்க. சாஸ்திரத்துல சந்திரன் சாப்பிடறவர் இல்லீங்க. அவரே சோறு. தேவரும் பித்ருவும் அவரைத்தான் சாப்பிடறாங்க. பயிர் பச்சை அவரால வளருது, அதைத்தான் நாம சாப்பிடறோம். எல்லாருக்கும் அவர் ஊட்டறார். அவருக்கு யாரும் ஊட்டறதில்லை." கற்பூரத் தட்டைக் கையில எடுத்துக்கிட்டே சொன்னார். "உங்க பொண்ணு ஒருத்திதான் ஊட்டியிருக்குது."

தீபாராதனை காட்டினார். திருநீறு வாங்கிக்கிட்டு வெளியே வந்தேன்.

தோட்டத்தம்மா டப்பாவைப் பார்த்துட்டு, காலையில இருந்து நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அந்தப் பிள்ளைக்குப் பசிக்குதோ இல்லையோ உங்களுக்குப் பசிக்குது, உட்காருங்கன்னு நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு சொம்பு மோரும் கொண்டுவந்து வச்சாங்க. நான் முதல் உருண்டையை எடுத்து முருங்கை மரத்தடியில வச்சேன். அது சிட்டுவுக்கு இல்லை, நிலாவுக்கு. மீதியைச் சாப்பிட்டேன். சின்ன டப்பா, ஏழு வாய்தான். அவ போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சோறு ருசி தெரிஞ்சுச்சு.

திரும்ப மூலனூருக்கு அந்தம்மாவோட மகன் பைக்ல விட்டார். 2.15 பஸ், தாராபுரம் மாறி, ஆறு மணிக்கு ராயபுரம். என்ன சொன்னாங்கன்னு அவங்கப்பா கேட்டார். வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னேன். அவர் டப்பாவை வாங்கி, தானே விளக்கிக் கவுத்தி வச்சார். அன்னைக்கு மாடிக்குப் போகலை. மறுநாள் சாயங்காலம் பாதிப் படி ஏறிட்டு இறங்கிட்டேன். இப்ப ஏறுறதில்லை.

போறவங்களுக்குச் சில விஷயம். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டணும்னா பௌர்ணமிக்குப் போங்க, காலை ஏழுக்கே நடை திறந்திருக்குமாம். அமாவாசைன்னா பன்னிரண்டு மணிக்கு மேல போங்க. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லாதீங்க, திரும்பி வரச் சொல்லி நேரம் பேசிக்கோங்க. கோயில் பக்கத்துல கடை இல்லை, தண்ணியும் சாப்பாடும் கையோட கொண்டு போங்க. பசியோட போய் நிக்காதீங்க. அமாவாசையன்னைக்குப் போனா அந்தத் தோட்டத்துல இலை கூடக் கிள்ளாதீங்க.

சிட்டு, நிலா சாப்பிடாதாம். அதுவே சோறாம். நீ கொடுத்த முதல் வாயை, நீ அண்ணாந்து பார்க்கிற நேரத்துல அம்மாதான் என் வாயில போட்டுக்கிட்டு, நிலா சாப்பிட்டுருச்சுன்னு சொல்லுவேன். வேலை முடிஞ்சு வர்ற பசியில அந்த ஒரு வாய் எனக்கு அவ்வளவு நல்லா இருக்கும். உனக்கு அது அப்பவே தெரியுமா? தெரிஞ்சேதான் தினமும் முதல் வாயை எடுத்து வைக்கச் சொன்னியா?