அக்காவும் நானும் ஒரு வயலினும்

மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். சத்தத்துக்காகச் சண்டைபோட வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன். அவரோ வெறும் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஷ்டூல்?" என்றார். ஸ்டூல் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, இல்லையெனத் தலையாட்டினேன். சற்று நேரத்தில் தன் வீட்டு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். அவர்கள் மொழியில் நாற்காலிக்கு அதுதான் பெயராம். எங்கள் ஊரில் இப்படித்தான் வாசிப்போம் என்று சொல்ல எனக்கு மொழி போதவில்லை. "டாங்கே" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனத்தில் எங்களுக்கு நெல் விவசாயம். வீட்டில் பாட்டு வாசனையே கிடையாது. ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்று கலைந்தபோது அவர்கள் விற்ற வயலினை நைனா ஆசைப்பட்டு வாங்கி வந்தார். கஸ்தூரி அக்காவும் நானும் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் சேர்ந்தே கற்றோம். நான் வாசித்தால் ஸ்வரம் கேட்கும். அக்கா வாசித்தால், மாடு கட்டப் போன நைனா கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். கோயில் திருவிழாவில் அவள் வாசிப்பதாக ஏற்பாடாகியிருந்த வருஷம், அறுப்புக்கு ஆள் போதாமல் அவளும் கழனியில் இறங்கினாள். கதிர் அரிவாள் வழுக்கி, இடது கை மோதிர விரல் நரம்போடு அறுபட்டது. தையல் போட்டார்கள். விரல் அப்புறம் மடங்கவே இல்லை.

அக்கா வயலின் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதை விட்டாள். நானும் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவளே அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "வெரலுதானேடி போச்சு, தொண்ட கீதுல்ல? நான் பாடறேன், நீ வாசி." அடுத்த வருஷத் திருவிழாவில் அவள் பாடினாள், நான் பக்கத்தில் வாசித்தேன். கூட்டமெல்லாம் அவளைப் பார்க்க, அவள் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனி வேலை கிடைத்ததும் வயலினை அவளிடமே விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். "என்னாண்ட இருந்தா பொட்டிக்குள்ளயே தூங்கும். எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கிற சாக்கில் அக்கா உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒரு தேவாலய இசைக்குழுவில் சேர்ந்து, நின்றபடி தாடைக்கடியில் இடுக்கி வாசிக்கப் பழகினேன். சில வருஷம் கழித்து விடுப்பில் ஊருக்குப் போனபோது, தென்னேரியில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவள் பாட மறுபடி வாசித்தேன். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி கயுத்துல, கருப்பா கீது?"

"நின்னுக்கினு வாசிக்கிறேன்ல, அதுல வந்த தழும்பு, அக்கா."

"வலிக்குதா?"

"இல்லக்கா."

அக்கா என் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து வாசிக்கையில் வருஷக்கணக்காக வயலினின் தலை அழுந்தி, பாதத்தின் உட்பக்கம் காய்ப்புக் காய்த்திருந்தது. அதைத் தடவிப் பார்த்து, "இது அப்டியே கீது" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

திரும்பி வந்து பல மாதமாகிறது. கழுத்துத் தழும்பு இன்னும் கருத்துக்கொண்டே வருகிறது. காலில் இருப்பது இளகிக்கொண்டே போகிறது. குளிக்கும்போது குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.