எந்த மூலையில் பேசினாலும் கேட்கும் ஸ்பீக்கர்

என் மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் பேசவும் கேட்கவும் மேஜை ஸ்பீக்கர்போன் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். கடையில் கேள்வி கேட்கக் கூச்சப்படுவேன்.

"இதை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எந்த மூலையில பேசினாலும் இழுத்துக்கிடும்" என்றார் கடைக்காரர். நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன்.

மறுநாள் அவள் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி மீட்டிங். அவள் அறைக்கதவு திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்யாணத் தரகர் வந்தார்.

"வேலைக்குப் போற பொண்ணுன்னு மாப்பிள்ளை வீட்டுல யோசிக்காவ" என்றார்.

எல்லோரும் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன்: "கல்யாணம் முடிஞ்சதும் விட்டுருவா வே."

உள்ளே பேச்சு நின்றது. ஸ்பீக்கரில் மேலதிகாரி அம்மாவின் குரல் கேட்டது: "என்னம்மா, வேலையை விடப் போறியா?"

மகள் முகம் வெளிறி என்னையே பார்த்தாள். அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்ற பயத்தில் மேஜைக்கு ஓடினேன்.

"அம்மா, அவ விட மாட்டா. அவளைக் கேக்காம நான்தான் சொல்லிட்டேன்."

அந்த அம்மா, "சரி சார். அதை வந்திருக்கவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார்.

வேலை நிரந்தரமானது. கிட்டத்தில் பேசுவதை மட்டும் எடுக்கும் ஸ்பீக்கராகக் கடையில் கேட்டு மாற்றிவிட்டேன். இப்போது எந்தத் தரகர் வந்தாலும், "பொண்ணு வேலையை விட மாட்டா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்கிறேன்.