எச்.டி.யில் தெரிந்த அடுப்பு

பாப்பா, தம்பி, டிவி எப்படி இருக்குது என்று நீங்கள் ரெண்டு பேரும் போனில் கேட்ட போதெல்லாம் ‘நல்லா இருக்குது’ என்று சொல்லி முடித்துவிட்டேன். போனில் எனக்கு அவ்வளவுதான் பேச வரும். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதால் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மா பாப்பா வீட்டுக்கு, பெங்களூர் போனதிலிருந்து இந்த வீட்டில் நான் ஒருவன்தான். குழந்தை ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும் அம்மா அங்கே இருந்தால்தான் பாப்பா வேலைக்குப் போக முடியும். அது எனக்குத் தெரியாததா? நான் இங்கே சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் அம்மா அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள் என்பதும் தெரியும். அதனால் எப்போது கேட்டாலும் சாப்பிட்டேன் என்பேன். சாப்பிட்டதும் உண்மைதான். பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிட்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

நீங்கள் அனுப்பிய டிவி வந்த அன்று எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

“என்னாங்க, வூட்லயே சினிமா கொட்டா போட்டுட்டீங்க? டிக்கெட்டு எவ்ளோ?”

“உங்களுக்கு ப்ரீதாங்க. முறுக்கு மட்டும் நீங்க வாங்கிட்டு வாங்க” என்றேன்.

முறுக்கோடுதான் வந்தார். ஆனால் படம் நன்றாக இல்லை. பழைய டிவியில் பளிச்சென்று தெரிந்த செய்தி வாசிக்கிற பெண், இதில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல் தெரிந்தாள். எழுத்துகளின் ஓரமெல்லாம் பிசிறு. அவர் முறுக்கைத் தின்று முடித்து, “பெருசாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் டிவியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் கையை விட்டு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை உருவி எடுத்துக் காட்டினார்.

“இது என்னாங்க ஐயா?”

“பழைய டிவில இருந்த ஒயரு.”

“கேபிள் பொட்டியும் பழசு, ஒயரும் பழசு. டிவி மட்டும் புதுசா இருந்தா அது என்னா பண்ணும்? ரெண்டு பேருக்கு வெச்ச ரசத்துல தண்ணிய ஊத்தி இருபது பேருக்கு ஊத்துது. அது மேல கோவப்பட்டு என்னா ஆவப் போவுது?”

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். படம் என்பது புள்ளிகள். பழைய பெட்டி அனுப்புவதில் மேலிருந்து கீழே ஐந்நூறு அறுநூறு வரிசைப் புள்ளிகள்கூடத் தேறாது. எழுநூற்று இருபது வரிசை வந்தால் எச்.டி. ஆயிரத்து எண்பது வந்தால் முழு எச்.டி. நீங்கள் அனுப்பிய டிவியில் அதைப் போல இரண்டு மடங்கு வரிசை இருக்கிறது. வருகிற புள்ளி குறைவாக இருந்தால் மீதி இடத்தை டிவி தானாக யோசித்து நிரப்புகிறது. யோசித்து நிரப்பியது ஒருநாளும் நிஜம் ஆகாது. கேமரா, வருகிற லைன், பெட்டி, ஒயர், திரை, இந்த ஐந்தில் எது மட்டமோ அந்த அளவுக்குத்தான் படம். கம்ப்யூட்டரிலும் இதே கதைதானாம்.

எங்கள் செராமிக் கம்பெனியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அச்சு புதிதாக இருக்கும்போது களிமண் கூழை ஊற்றி எடுத்த பொம்மைக்குப் புருவம், நகம் எல்லாம் இருக்கும். அச்சு தேயத் தேய மூக்கு மழுங்கிவிடும். அதன்மேல் எவ்வளவு பளபளப்பாக மெருகு பூசிச் சூளையில் வைத்தாலும் பளபளப்பான மொண்ணை மூக்குதான் வெளியே வரும்.

புதுப் பெட்டியும் எச்.டி.எம்.ஐ. ஒயரும் மாட்டினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் சேலைக் கரையில் நூல் நூலாகத் தெரிந்தது. எனக்கு அவளை அவ்வளவு தெளிவாகப் பார்த்து ஒன்றும் ஆக வேண்டியதில்லை. மெதுவாக என் போனை எடுத்தேன்.

“இதுல வர்ற வீடியோ காலு டிவில தெரியுமா?”

“யாரப் பாக்கணும்?”

“வூட்ல பேசுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. போனில் தெரிவதெல்லாம் டிவியிலும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து பொறுமையாகச் செய்துகொடுத்தார். நெட் லைன் ஒன்று இழுத்தார். போனுக்குள் போய், கால் பேசும்போது டேட்டாவைக் குறைவாக எடுக்கச் சொல்லி ஒரு செட்டிங் இருந்ததை அணைத்தார். தம்பி, அது நீ போன தடவை வந்தபோது எனக்குச் செலவாகக் கூடாது என்று போட்டுவிட்டுப் போனது. “இதனாலதாங்க மூஞ்சி கட்டம் கட்டமா தெரிஞ்சிருக்கும்” என்றார்.

அன்று சாயங்காலம் போனை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கூப்பிட்டேன். அம்மா சுவர் அளவுக்கு வந்தாள்.

டிவியில் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, “தெரியுதா?” என்றேன்.

“நல்லா தெரியுது. அவ்ளோ பெரிய டிவில என் மூஞ்சிய எதுக்குப் போட்டுப் பாக்கறீங்க, ராவுல பயந்துக்கப் போறீங்க.”

வகிடு முழுக்க நரைத்திருந்தது. இத்தனை மாதமாகப் போனில் கறுப்பாகத்தான் தெரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துவிடக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

“கையில என்னா?”

“ஒண்ணுமில்லங்க. குழந்தயத் தூக்கித் தூக்கி நரம்பு இழுத்துக்கிச்சி. தைலம் போட்டிருக்கறேன்.”

“எத்தினி நாளா?”

அவள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். நன்றாகப் பார்க்க முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். டிவியில் அவள் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“ஏங்க, அடுப்பு மேல இருக்கறது ஜாடியா?”

எனக்குப் பின்னால்தான் சமையற்கட்டு. கதவு திறந்திருந்தது. கம்பெனியில் நான் செய்வது சூளையிலிருந்து வருகிற சாமானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லது தனி, குறை உள்ள செகண்ட்ஸ் தனி என்று பிரிக்கிற வேலை. விளிம்பில் பொக்கை விழுந்த ஊறுகாய் ஜாடிகளை, தூக்கிப் போட மனசு வராமல் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். பற்ற வைக்காத அடுப்பு, மேலே இடம் இருந்தது, வைத்தேன். கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் அம்மாவுக்கு அவை குண்டானும் பால் சட்டியுமாகத் தெரிந்திருக்கின்றன. “சோறு பொங்கிடப் போவுது, போய்ப் பாருங்க” என்று அவள் போனை வைத்த நாட்கள் உண்டு. நானும் எழுந்து போவது போல் போவேன்.

அவளைத் தெளிவாகப் பார்க்க இவ்வளவு பாடுபட்டவன், லைன் ரெண்டு பக்கமும் ஓடுகிறது என்பதை யோசிக்கவில்லை.

“ஜாடிதான்” என்றேன்.

“அத்தினியுமா?”

“ஆமா.”

உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் பேச்சு நின்றுபோனால் லைன் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அவள் மூச்சு விடுவதுகூடத் தெரிந்தது.

“நீங்க அடுப்பு பத்த வெக்கறதில்லன்னு பாப்பாகிட்ட சொல்ல வேணாங்க. என்ன அனுப்பிட்டு அது வேலைய விட்டுடும்” என்றாள்.

“உன் கையயும் அதுகிட்ட சொல்லலியா?”

“சரி, வெக்கறேன். குழந்த எழுந்துடுச்சி” என்று வைத்துவிட்டாள்.

சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னதை இப்போது எழுதிவிட்டேன். பாப்பா, வேலையை விடாதே. அம்மாவின் கையை ஒரு டாக்டரிடம் காட்டு. குழந்தையைத் தூக்கிக்கொள்ள பக்கத்தில் யாராவது கிடைத்தால் அரை நாளைக்காவது ஏற்பாடு செய். டிவி நன்றாக இருக்கிறது. படம் மிகவும் தெளிவு.

அம்மா வைத்த பிறகு டிவியில் என் போனின் முகப்புப் படம் மட்டும் நின்றது, நீங்கள் இருவரும் சின்ன வயதில் எடுத்தது, கொஞ்சம் மங்கல்தான். போனைக் கையில் எடுத்தேன். கேபிள்காரர் அணைத்த அந்த செட்டிங்கைத் தேடிக் கண்டுபிடித்தேன். விரல் அதன்மேல் போனது. போடவில்லை. போனைத் திரும்பவும் ஸ்டாண்டிலேயே சாய்த்து வைத்தேன்.

மெஸ்ஸுக்குப் போகிற நேரம். சட்டையைப் போட்டவன் கழற்றி மாட்டினேன். ஜாடிகளைத் தூக்கி ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். அடுப்பில் அவற்றின் அடி வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். சிலிண்டரைத் திறந்து, ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். சமையற்கட்டுக் கதவை நன்றாகத் திறந்துவைத்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சோறு பொங்குகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.