ஏலம் போன ஏத்தன்பொடி

இந்த ஊரில் டீ குடிக்க யாரும் கடைக்குள் வருவதில்லை. காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். நாம் ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டு, திரும்ப ஓடிவந்து, காகிதக் கோப்பையில் கொண்டுபோய்க் கார் ஜன்னலில் நீட்ட வேண்டும். ஓமானுக்கு வந்த புதிதில் ஹாரன் சத்தம் கேட்டாலே யாரோ என்னைத் திட்டுவதுபோல் இருக்கும். நம் ஊர்க் கடை வாசலில் இப்படி அடித்தால் அடிதடிதான் நடக்கும். இப்போது பழகிவிட்டது. ஹாரன் அடிக்கிற விதத்தை வைத்தே பால் டீயா, பால் இல்லாத சுலைமானியா என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்ததற்கு இந்த மட்டுக்காவது பலன் கிடைத்ததே என்று நானே சிரித்துக்கொள்வதுண்டு.

நான் இங்கே டீ ஆற்ற வரவில்லை. ஒரு கம்பெனிக்குத்தான் வந்தேன். அது மூடிப்போனதும், ஊர் திரும்ப மனமில்லாமல் இந்தக் கடையில் ஒட்டிக்கொண்டேன். ஊரில் அப்பா என்னைப் பற்றி, "அவன் சூப்பர்வைசராக்கும்" என்று சொல்லி வருகிறார். நானும் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இதே டீயை எங்கள் ஊர்த் திங்கள்நகர் ஜங்ஷனில் நின்று ஆற்றச் சொல்லியிருந்தால் செத்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன். கூடப் படித்தவன் பார்ப்பான், சபைக்காரர்கள் பார்ப்பார்கள், கல்யாணத் தரகர் பார்ப்பார். நம் பிள்ளைகள் சொந்தத் தொழிலுக்கு இறங்காததற்கு மூலதனம் இல்லை, அனுபவம் இல்லை என்று எத்தனையோ காரணம் சொல்கிறோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், தெரிந்தவன் கண்ணில் படக்கூடாது என்கிற பயம் வந்து நிற்கிறது. கடல் கடந்தால் எந்த வேலையும் செய்யலாம், ஏனென்றால் அங்கே நம்மை யாருக்கும் தெரியாது.

கடைக்கு ஹமூத் என்றொரு இளைஞன் வருவான். இந்த ஊர்க்காரன். என்னைப் போலவே இன்ஜினீயரிங் படித்தவன். சாயங்காலமானால் சாலையோரம் அடுப்பு வைத்து, இறைச்சியைக் கம்பியில் குத்திச் சுட்டு, மிஷ்காக் என்று விற்பான். அவனுடைய மாமன், மச்சான், படித்த வாத்தியார் எல்லாரும் வந்து ஹாரன் அடித்து அவனிடமே வாங்கிப் போவார்கள். அவன் முகத்தில் ஒரு சுணக்கமும் இருக்காது. ஒருநாள் உடைந்த இந்தியில் என்னைக் கேட்டான். உனக்கு ஊரில் நிலம் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். தென்னை? இருக்கிறது. வாழை? அதுவும் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குக் கோபமா?" என்றான். அப்பா என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார் என்று முடிவு செய்துவிட்டான். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டால், "அப்பா சமாதானம் ஆனாரா?" என்று விசாரிப்பான்.

அந்தக் கேள்வி என்னை என் தங்கை ஷைனியிடம் கொண்டுபோகும். எம்.காம். முடித்தவள். ஏத்தன்காய் என்று நாங்கள் சொல்லும் நேந்திரங்காயைத் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, காயவைத்துப் பொடித்துச் சலித்து, பச்சைக் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கிற பொடியை ஒருமுறை விளையாட்டாகச் செய்தாள். கோயில் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சர்ச்சில், அறுப்பின் பண்டிகை அன்று அவரவர் வீட்டு விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். தேங்காய், சேவல், மட்டி வாழைக்குலை வரிசையில் ஷைனியின் ஏத்தன்பொடி பாட்டிலும் போனது. விடுமுறையில் வந்திருந்த நானும் அன்று அங்கே இருந்தேன். பக்கத்து வீட்டு ரோஸ்லின் மாமியும், துபாயிலிருந்து வந்திருந்த ஒருவரும் போட்டி போட்டு ஏற்றி ஏற்றி, கடைசியில் மாமி நம்ப முடியாத விலைக்கு எடுத்தார். ஷைனிக்குக் கால் தரையில் பாவவில்லை. தொழில் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த வேலையையும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. பையில் பாட்டில்களோடு வடசேரியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பேர் தெரியாத பொடியைக் குழந்தைக்கு யார் வாங்குவார் என்று திருப்பி அனுப்பினார்கள். ரோஸ்லின் மாமி வீட்டுக்கே போனாள், அவருக்குப் புதிதாகப் பேரன் பிறந்திருந்தான். மாமி சிரித்துவிட்டார். "மக்கா, அது ஆண்டவருக்கு எடுத்ததாக்கும். வெலைக்கு வாங்க எனக்கென்ன கிறுக்கா? வீட்டுப் பெறத்தால ஏத்தன் வாழ நிக்குல்லா." ஏலத்தில் கூவியது காணிக்கை என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எம்.காம். படித்தவள் அதைச் சந்தை விலை என்று நினைத்துவிட்டாள். அப்பா அதற்குள் ஊரில், "அவ பேங்க் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கா" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். அவர் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல நிலையில் இருந்தோம்.

என் கடை முதலாளி நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த இடத்தில் கணக்கெழுதும் வேலைக்கு ஷைனிக்கு ஒரு விசா பேசி வைத்தார். அப்பா சந்தோஷத்தில் குதித்தார். நானும்தான் வற்புறுத்தினேன். போனில் அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"அண்ணே, அங்க நீ டீயும் கொண்டு ஓடுகது ஒருத்தனும் அறியாது. எனக்கு அது வேண்டாம். எல்லாரும் அறிய இங்க நின்னு பாக்கேன். இந்தப் பண்டிகைக்கு ஏலத்துல வைக்க மாட்டேன். கோயில் கேட்டுக்கு வெளிய மேசை போட்டு, ஒரே வெலைக்கு விப்பேன். ஒருத்தரும் வாங்கலைன்னா நீ சொல்லுக விசாவுல ஏறி வாறேன்."

அவள் பக்கத்திலிருந்து அப்பா, "நம்மள நாணங்கெடுத்தவா பாக்க?" என்று கத்தினார். அவள் அசையவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பண்டிகை. ஊரில் ஆராதனை முடிகிற நேரம், இங்கே எனக்குக் காலை டீ வியாபாரம். ஷைனி போனை மேசையில் பாட்டிலோடு சாய்த்து வைத்து வீடியோவில் அழைத்திருந்தாள். திரையில் அவள் தோளும், கோயில் கேட்டும் தெரிந்தன. கூட்டம் வெளியே வந்தது. பார்த்தார்கள், சிரித்தார்கள், "பேங்க் பரீட்ச என்னாச்சு பிள்ளே?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். அப்பா கோயில் வாசல் வளைவின் தூணோரம், யாரோ போல நின்றார். இந்த ஒரு நாளில் தோற்றால் அவளும் என்னைப்போல யாருக்கும் தெரியாத ஊரில் ஓட வேண்டியதுதான்.

அப்போது ரோஸ்லின் மாமி மேசைக்கு வந்தார். மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், அரிந்து காயவைக்க வீட்டில் ஆளில்லை என்றார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திறந்து மோந்தார். விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ, அவ்வளவா? கொறச்சுத் தா பிள்ளே. ரெண்டா எடுக்கேன்."

போன முறை இதே பாட்டிலுக்குக் கூவிக் கூவி ஏற்றிய வாய் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விலை குறைக்கச் சொல்கிறார் என்றால் வாங்கத்தான் கேட்கிறார்! ஷைனி வாயைத் திறப்பதற்குள் தூணோரத்திலிருந்து அப்பாவின் குரல் பாய்ந்து வந்தது.

"அதெல்லாம் கொறைக்க ஒக்காது கேட்டியளா! தோலு சீவி, காய வச்சு, சலிச்சு எடுக்கப்பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா? எனக்க மொவ கைப்பட செஞ்சதாக்கும்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாமியும் விடுவதாக இல்லை. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தத் தொடங்கினார்கள். நகர்ந்து போனவர்கள் என்ன சங்கதி என்று திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்று, "எனக்கும் ஒண்ணு எடு" என்றாள்.

நான் முதலாளியிடம் போய், அந்த விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். என்ன ஆயிற்று என்றார். தங்கச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது என்றேன். எனக்கும் ஒரு நாள் அந்தத் தைரியம் வரும், வரவழைத்தே தீருவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வாசலில் ஹாரன் சத்தம், ஹமூத்தின் கார். அழைப்பைத் துண்டிக்க மனமில்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீயோடு ஓடினேன். பையிலிருந்து அப்பா இன்னும் முழங்கிக்கொண்டிருந்தார். ஹமூத் கோப்பையை வாங்காமல் என் சட்டைப் பையையே பார்த்தான்.

"யார்? அப்பாவா? இன்னும் கோபமா?"

"இல்லை. வியாபாரம்" என்றேன்.

டீ வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். நான் கடைக்குள் போகாமல் அந்த வெயிலிலேயே நின்றேன். அடுத்த கார் வந்து ஹாரன் அடித்தது. பைக்குள் அப்பா யாரிடமோ, "ஏத்தன் பொடி வேணும்னா இங்க வரணும்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.