ஷூ கம்பெனி கட்டிய தமிழ் எழுத்துரு

காலையில் ஆம்பூரிலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். நான் முன்பு வேலை பார்த்த ஷூ கம்பெனியில் இன்றும் அவர்தான் மெயில் பார்க்கிறார்.

“இன்னாப்பா, லினக்ஸ்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரியுதுன்னு யாரோ நமக்குத் தமிழ்ல எழுதியிருக்காங்க?”

எனக்குப் புரிந்துவிட்டது.

ஏழு வருடங்களுக்கு முன் நானும், அங்கே என்னோடு வேலை பார்த்த இம்தியாஸும் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஒரு தமிழ் எழுத்துருவை லினக்ஸில் யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டினோம். அதை ஏற்றிவைத்த ஃபிளாப்பிகளில்கூடத் தோல் வாசம் அடிக்கும். எங்களுக்கென்று மெயில் கிடையாது. அதனால் பங்களித்தவர் என்ற இடத்தில் கம்பெனி முகவரியைக் கொடுத்தோம். முதலாளிக்குப் பயந்து பேர் போடவில்லை.

இப்போது அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவருக்கு, முகவரியை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். “சரி, யார் பேரைப் போடட்டும்?” என்று கேட்டார்.

இம்தியாஸைக் கூப்பிட்டேன். “உன் பேரை முதல்ல போடு தோஸ்த்” என்றான்.

அவன் பேரைத்தான் முதலில் போட்டேன்.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “இத்தினி வருஷமா இங்கிலீஷ்ல வந்ததெல்லாம் ஃபாரின் பார்ட்டின்னு நினைச்சு, எல்லாருக்கும் தோல் சாம்பிள் ஒட்டுன லெதர் கலர் கார்டு அனுப்பிட்டேனேப்பா.”

எழுத்துருவில் பிழை என்று எழுதி, பதிலுக்குத் தோல் கலர் கார்டு வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?