மடிப்புக்கு இரண்டு விரல்

என் சித்தியைத் தெருவே 'மரைச் சித்தி' என்றுதான் கூப்பிடும். மரை கழன்ற கேஸ் என்பதால் அல்ல, மரை போடுவது அவள் தொழில். கம்பியை வைஸில் இறுக்கி, முனையில் மரை வெட்டும் டையை மாட்டி, எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று திருகுவாள். இரும்புச் சுருள் உதிர உதிரக் கம்பியில் மரை விழும்.

"கம்பிய அதட்டக் கூடாதுடா. தாஜா பண்ணணும்" என்பாள். சித்தப்பா விஷயத்தில் இந்த விதி செல்லாது.

சித்தப்பா தையல்காரர். முன்னறையில் இடப்பக்கம் அவருடைய மிஷின், வலப்பக்கம் அவளுடைய வைஸ். நடுவே சாக்பீஸ் கோடு. எண்ணெய் துணிப்பக்கம் வரக்கூடாது, நூல் மரைப்பக்கம் போகக்கூடாது. படிக்க வந்து அந்த வீட்டில் தங்கிய நான், கோட்டின் மேல் நாற்காலி போட்டுப் படித்துத்தான் எங்கள் வம்சத்தின் முதல் பட்டத்தை வாங்கினேன்.

சித்திக்கு அதுவரை வந்ததெல்லாம் கேட் போல்ட்டும் கட்டில் போல்ட்டும்தான். ஒருநாள் கிட்டார் செய்யும் கடைக்காரர் வந்தார். அவர் செய்வது மடியில் வைத்து வாசிக்கிற கிட்டார் அல்ல. மேஜை மாதிரி நான்கு காலில் நிற்கும். கீழே மூன்று மிதிகள். மிதித்தால் கம்பி இழுபட்டு, மேலே ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறும். மிதியையும் கிட்டாரையும் இணைக்கிற அந்தக் கம்பிகளுக்கு மேல்முனையில் கொக்கி, கீழ்முனையில் மரை.

"ஒரு செட் போட்டுக் குடுங்க. வாசிக்கிறவருக்குப் பிடிச்சுட்டா, இனிமே எல்லாக் கிட்டாருக்கும் நீங்கதான். இல்லேன்னா லேத் பட்டறைக்குப் போயிடுவேன்" என்றார். அன்று முழுக்க சித்தி கட்டில் போல்ட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசிக்கிறவர் ஆள் நெட்டை. அவர் முழங்காலுக்கு ஏற்பக் கிட்டாரின் கால் உயரும், அதற்கேற்பக் கம்பியும் நீளும். அவர் பேண்ட் தைக்கக் கொடுக்க வந்தபோது, "அப்படியே முட்டிலேருந்து தரைக்கும் ஒரு அளவு எடுத்துடுங்க" என்றாள் சித்தி. சித்தப்பா அளந்து சொன்னார். அவள் கம்பியை அறுத்து, மரை போட்டு, துடைத்துக் கண்ணாடிபோல் ஆக்கினாள்.

கச்சேரிக்குப் போகிற வழியில் நெட்டையர் வாடகைக் காரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, எங்கள் முன்னறையிலேயே புதுக் கிட்டாரின் பாகங்களைப் பூட்டி உட்கார்ந்தார். முதல் மிதியை அழுத்தினார். அசையவில்லை. மூன்று மிதியும் தரையில் சப்பென்று படுத்துக் கிடந்தன.

"என்னக்கா, மிதிக்க மிச்சமே இல்லையே?"

"முடுக்கிப் பாக்கறேன் தம்பி." முடிந்தமட்டும் முடுக்கினாள். மிதி அரை விரல்தான் எழுந்தது, அதற்குமேல் மரை தீர்ந்துவிட்டது. சித்தி கம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "நான் அளவு மாறாமத்தானே அறுத்தேன்..."

சித்தப்பா மெல்ல இருமினார். "மடிப்புக்கு ரெண்டு விரல் சேத்துத்தான் சொன்னேன்."

"எதுக்கு மடிப்பு?"

"கீழ மடிச்சுத் தைக்க வேணாமா?"

"இரும்புக் கம்பியையா?"

"வாய்ல வந்துடுச்சும்மா. இத்தனை வருஷப் பழக்கம்."

"துவைச்சா சுருங்கும்னு இன்னும் ஒரு விரல் சேக்கலையே, அந்த மட்டுக்கும் புண்ணியம்!"

நெட்டையர் சிரித்தபடி எழுந்தார். "பரவாயில்லக்கா. இன்னிக்குப் பழைய கிட்டார எடுத்துக்கறேன். கடைக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உக்காருங்க தம்பி." அவள் கை அதற்குள் ரம்பத்தை எடுத்திருந்தது. "பட்டதாரி, எவ்வளவு அறுக்கலாம்? சொல்லு."

"ரெண்டு விரல்" என்றேன் கம்பீரமாக.

"யார் விரல்?"

சித்தப்பா தானாக வந்து விரலை நீட்டினார். அதை வைத்தே குறித்து அறுத்தாள். அறுத்ததோடு பழைய மரையும் போனது. மறுபடி முதலிலிருந்து. சித்தப்பா கோட்டைத் தாண்டி வந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சித்தி அவசரப்படவில்லை. டையை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் தாஜா செய்தாள்.

மூன்றும் ஏறின. நெட்டையர் மிதித்தார். ஸ்வரம் வழுக்கிக்கொண்டு எழும்பி, மேலே போய் நின்று நடுங்கியது.

"பால் குடிக்கப் பூனை கெஞ்சற மாதிரி இருக்கே!" என்றாள் சித்தி.

"இதுக்குத்தான்க்கா காசு குடுத்துக் கேக்க வர்றாங்க" என்றார் அவர். கடைக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டு, "இனிமே கம்பிக்கு இங்கயே வந்துடுங்க" என்றார்.

அன்றிலிருந்து கிட்டார் அளவுக்கு டேப் சித்தி கையில். சித்தப்பாவோ அந்தப் பயத்தில் நெட்டையரின் பேண்டுக்கு மடிப்பே விடாமல் தைத்துவிட்டார். கணுக்கால் பளிச்சென்று தெரிந்தது. சண்டைக்கு வருவார் என்று மிஷினுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவரிடம், நெட்டையர் இன்னும் இரண்டு வாத்தியக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மிதியில மாட்டாம சுகமா இருக்கு, மாஸ்டர். இவங்களுக்கும் அதே மாதிரி தைங்க."

சித்தப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இதெல்லாம் யோசிச்சுப் பண்றதுங்க."

வைஸ் பக்கமிருந்து ஒரு கம்பி கீழே விழுந்தது. சித்தி சிரிப்பை அடக்க முடியாமல் கைநழுவ விட்டது.